அகன்ற சில்லும் மடிந்த விளிம்பும்

கல்லூரி மலர் ஒன்றிலே தமிழாசிரியர் எழுதும் கட்டுரை இலக்கியத்தையோ இலக்கணத்தையோ பற்றியதாக இருத்தல் வழக்கம். மோட்டார் வண்டியின் மட்காட்டைப் பற்றி அவர் எழுதப் புகுந்தால், இவருக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று பழைய மாணவர்கள் புன்னகை செய்தல் கூடும். தொடர்பு உண்டு. எம்மிடம் தமிழ் கற்றுச் செல்லும் மாணவருட் பலர் இன்று மோட்டார்த் தொழிலை நாடுகின்றனர். 2013 ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பிற் தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டிலே கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. ஆயினும் கராச்சிலே கைகள் செய்வதைத் தெளிவாக எடுத்துரைக்கும் தமிழ் எழுத்து மிகச் சிறிதே.

19 ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். எலும்பையும் நரம்பையும் தமிழில் விளக்குதல் அன்று கைகூடிற்று எனின், ஒரு தகட்டின் விளிம்பை மடிக்கும் முறையை இன்று தமிழில் விளக்குதல் கைகூடாதோ? இவ்வெண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தகட்டின் விளிம்பை ஏன் மடிக்கவேண்டும்? 2020 ஆம் ஆண்டு பங்குனி மாதம் முதல் ஏறக்குறைய ஐந்தாண்டு காலம் இந்நாட்டுக்குத் தனியார் கார்கள் இறக்குமதியாகவில்லை. 2025 ஆம் ஆண்டிலேயே அத்தடை நீங்கிற்று. புதிய வண்டி வாராத அக்காலத்தில், உள்ள வண்டியை அழகுபடுத்துவதிலும் மாற்றியமைப்பதிலும் இளைஞர் பலர் நாட்டங்கொண்டனர். வண்டியின் உடலைத் தாழ்த்தி, அகன்ற சில்லுகளைப் பூட்டுதல் அம்மாற்றங்களுள் முதன்மையானது. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் எம் பழைய மாணவரின் பிள்ளைகளும் இதனையே விரும்பிச் செய்கின்றனர். அவ்வாறு பூட்டிய சில்லு மட்காட்டின் உள்விளிம்பில் உரசுகின்றது. உரசலை நீக்க அவ்விளிம்பை உருளை கொண்டு மேல்நோக்கி மடிக்கின்றனர். இச்சிறு வேலையிலே வண்டியின் வலிமையும், அதிற் செல்வோர் உயிரும், வீதியிற் செல்லும் பிறர் நலமும் அடங்கியுள்ளன. ஆதலின் இதனை ஆராய்ந்து அறிதல் நன்று.

சில்லும் மட்காட்டும்

மட்காட் என்பது சேற்றைத் தடுப்பது எனும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. சேற்றுக்காப்பு எனத் தமிழாக்குதல் எளிது. ஆயினும் கராச்சில் வழங்காத சொல்லை இங்கே திணியாது, வழங்கும் சொல்லையே ஆள்வோம். சில்லு என்பதோ எமது யாழ்ப்பாணத்து நற்றமிழ்ச் சொல். அதற்கு வேறு சொல் தேடவேண்டுவதில்லை.

எமது முன்னோரின் மாட்டு வண்டிலுக்கு மட்காட் இல்லை. வண்டில் மெல்லச் சென்றது. சில்லுக் கிளப்பிய சேறு சில்லின் அடியிலேயே வீழ்ந்தது. மோட்டார் வண்டி விரைவாகச் செல்லத் தொடங்கியபின், சேறும் கல்லும் உயரத் தெறித்தன. அவற்றைத் தடுத்தற்குச் சில்லின்மேற் தகடு வளைக்கப்பட்டது. முற்காலத்து விளையாட்டுக் கார்களில் இத்தகடு உடலினின்றும் வேறாக நின்றது. 1945 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜீ. ரீ.சீ. என்னும் வண்டியின் நீண்டு வளைந்த மட்காட்டுகளைப் படங்களிற் கண்டோர் இதனை அறிவர். அவ்வாறான வண்டியிலே சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே வேண்டிய வெளி இருந்தது. பின்னர் மட்காட் வண்டியின் உடலோடு ஒன்றாயிற்று. காற்றைக் கிழித்துச் செல்லவும் பார்வைக்கு இனிதாக இருக்கவும் தகடு சில்லை நெருங்கி வந்தது. நெருங்கி வந்தபொழுதே உரசல் என்னும் சிக்கலும் தோன்றிற்று.

எம் நாட்டவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டி 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளியிடப்பட்டது. அதனை ஆக்கியவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். மாதிரி வண்டி ஒடுங்கியதாக அவருக்குத் தோன்றிற்று. அதனை நெடுக்காக இரு கூறாக அறுப்பித்து, கூறுகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலம் கூட்டியபொழுதே அவர் மனம் நிறைந்தது. அவ்வண்டியின் முன்மூடியின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். அகலம் கூடியதனால் அதன் அழகும் கூடிற்று. வளைவுகளில் உறுதியும் கூடிற்று. இன்று இளைஞர் சில்லை வெளித்தள்ளிப் பெற விரும்பும் பயனை, அவர் வண்டியையே அகட்டிப் பெற்றார்.

மொறிஸ் மைனரின் நான்கு மட்காட்டுகளும் ஆணி கொண்டு பூட்டப்பட்டவை. பழுதுபட்டதைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். 1959 இலும் 1961 இலும் வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வண்டிகளில், பின்புற மட்காட் உடலோடு ஒட்டி ஒன்றாக்கப்பட்டுள்ளது. இக்காலக் கார்கள் யாவும் இவ்வகையினவே. இவ்வேற்றுமையை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இப்பழைய வண்டிகள் எம் குடாநாட்டிலே நெடுங்காலம் வாழ்ந்தமைக்கு எம்மூர்க் கைவினைஞரே காரணர். 1990 ஆம் ஆண்டின்பின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட காலத்திலே, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயால் ஓட்டினர். வெளியிலிருந்து தகடு வாராதபொழுது, உள்ள தகட்டைத் திருத்தியே காலங் கழித்தனர். வெட்டி எறிதற்கு அவர்களிடம் ஒன்றும் மிகுதியாக இருக்கவில்லை. ஆதலின், இருப்பதைக் கெடாது வளைத்தலையே அவர்கள் கற்றனர். உலோகத்தின் இயல்பை அறிந்த அக்கைகளே நாம் கூறப்போகும் வேலைக்கும் வேண்டுவன.

தாழ்த்துதலும் அகட்டுதலும்

வைக்கோல் உயர ஏற்றிய வண்டில் வளைவிலே சரிதலையும், வெறுவண்டில் சரியாது செல்லுதலையும் யாவரும் கண்டிருப்பர். பாரம் உயர்ந்தால் சரிவு மிகும். சில்லுகளுக்கிடையேயுள்ள அகலம் மிகுந்தால் சரிவு குறையும். மோட்டார் வண்டிக்கும் இதுவே விதி. வளைவிலே செல்லும்பொழுது உட்பக்கச் சில்லுகளின் சுமை குறைந்து, வெளிப்பக்கச் சில்லுகளின் சுமை கூடுகின்றது. வெளிப்பக்க ரயர் அச்சுமையைத் தாங்கமாட்டாதபொழுது வழுக்குகின்றது.

இதனைக் கணக்கிலே காண்போம். 1000 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்றின் பாரமையம் நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது என்க. இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையே அகலம் 140 சென்ரிமீற்றர் என்க. வளைவிலே பக்கவாட்டு விசை வண்டியின் எடையில் ஐந்தில் மூன்று பங்காயின், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமை 1000 ஐ 0.6 ஆலும் 50 ஆலும் பெருக்கி, 140 ஆல் வகுத்து வருவது. அது ஏறக்குறைய 214 கிலோகிராம். வண்டியை 3 சென்ரிமீற்றர் தாழ்த்தி, அகலத்தை 145 சென்ரிமீற்றர் ஆக்கினால், மாறும் சுமை ஏறக்குறைய 194 கிலோகிராம் ஆகும். 20 கிலோகிராம் குறைந்தது.

பந்தயத் திடலிலே இந்த இருபது பெரிது. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியிலோ, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையிலே சென்னையருகே சோழவரத்தில் முன்னர் நடைபெற்ற பந்தயங்களிலோ, 1990 முதற் பயன்படும் இருங்காட்டுக்கோட்டைத் திடலிலோ வெற்றியும் தோல்வியும் நொடியின் சிறு பகுதியாற் தீர்மானிக்கப்படும். சாவகச்சேரிச் சந்தைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே கண்டி வீதியிற் செல்லும் வண்டிக்கோ அந்த இருபதினால் விளையும் பயன் சிறிது. அழகின்பொருட்டுச் செய்வோர் அழகின்பொருட்டே செய்கின்றோம் என அறிந்து செய்தல் நன்று. அவ்வாறு அறிந்தவர், பாதுகாப்பை விலையாகக் கொடுத்து அழகை வாங்கமாட்டார்.

அளந்து அறிதல்

சில்லு ஒன்றின் பக்கத்தில் மூன்று அளவுகள் காணப்படும். முதலாவது விட்டம், இரண்டாவது அகலம். இவை அங்குலக் கணக்கு. மூன்றாவது ஒவ்செற் எனப்படுவது. இது மில்லிமீற்றர்க் கணக்கு. வண்டியின் அச்சு நுனியிலே சில்லைப் பூட்டும் தட்டைக் குடம் என்போம். மாட்டு வண்டிற் சில்லுக்கும் நடுவிலுள்ளது குடமே. சில்லின் அகலத்தை இரண்டாக வகுக்கும் நடுக்கோட்டுக்கும், சில்லு குடத்தைத் தொடும் தளத்துக்கும் இடையேயுள்ள தூரமே ஒவ்செற். அது மிகுந்தால் சில்லு வண்டியின் உள்ளே செல்லும். குறைந்தால் வெளியே வரும்.

1989 ஆம் ஆண்டில் வெளிவந்து, கனடாவில் மியாட்டா எனப் பெயர்பெற்ற மஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் இருவர் செல்லும் விளையாட்டுக் காரை எடுத்துக்கொள்வோம். அதனோடு வந்த சில்லின் விட்டம் 14 அங்குலம், அகலம் ஐந்தரை அங்குலம், ஒவ்செற் 45. அதனை மாற்றியமைப்போர் பெரிதும் விரும்புவது 15 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் 20 ஒவ்செற்றும் உடைய சில்லு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். பழைய சில்லின் அரை அகலம் 69.85; அதிலே 45 ஐக் கழிக்க, குடத்துக்கு வெளியே நிற்பது 24.85 மில்லிமீற்றர். புதிய சில்லின் அரை அகலம் 101.6, அதிலே 20 ஐக் கழிக்க, வெளியே நிற்பது 81.6 மில்லிமீற்றர். ஆகவே புதிய சில்லு பழையதிலும் ஏறக்குறைய 57 மில்லிமீற்றர் வெளியே வருகின்றது. உட்புறத்துக்குக் கழித்தலை விடுத்துக் கூட்டல் செய்க. பழையது 114.85, புதியது 121.6, உள்ளேயும் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் கூடுகின்றது. உள்ளே உள்ள சொக் எனப்படும் அதிர்வு தாங்கியில் அது முட்டுமோ என்றும் பார்த்தல் வேண்டும்.

இவ்வளவு கணக்கும் எட்டாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்கதே. இதனைச் செய்யாது நண்பன் பூட்டினான் நானும் பூட்டினேன் என்று சில்லை வாங்கிப் பின்னர் இடம் தேடுவோரே மிகுதி.

நின்ற வண்டியை அளந்தது போதாது. சில்லு மேலுங் கீழும் செல்வது. முன்சில்லு திரும்புவதும் ஆகும். தாழ்த்திய வண்டியிலே சில்லு முன்னமே மட்காட்டினுள் உயர்ந்து நிற்கின்றது. ஐவர் ஏறிப் பின்னறையிற் பலாப்பழங்களையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழி நோக்கிப் புறப்பட்டால், ஸ்பிறிங் மேலும் அமிழும். குழியில் விழும்பொழுது இன்னும் அமிழும். உரசல் அப்பொழுதே நிகழும். ஆதலின் சில்லுப் பகுதியை யாக்குக் கொண்டு அமிழும் எல்லைவரை உயர்த்தியும், முன்சில்லை இருபுறமும் முற்றாகத் திருப்பியும் இடைவெளியைப் பார்த்தல் வேண்டும். விளிம்பிலே சுண்ணக்கட்டி பூசி ஓட்டிப் பார்த்தால், உரசும் இடம் ரயரில் தடமாகத் தெரியும்.

விளிம்பு ஏன் மடிந்துள்ளது

மட்காட்டின் உள்ளே கையை வைத்துத் தடவினால், தகட்டின் நுனி உட்புறமாக ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருத்தல் புலனாகும். அம்மடிப்பு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் அகலமுடையது. இதுவே ரயரில் உரசுவது. இதனையே நாம் மடிக்க நினைக்கின்றோம். மடிக்குமுன், இது யாதுக்காக உள்ளது எனக் கேட்டல் அறிவுடையோர் செயல்.

முதலாவது பயன் வலிமை. பனையோலைப் பெட்டி இழைப்போர் அதன் வாயை வெறுமையாக விடுவதில்லை. விளிம்பை மடித்துப் பொத்துவர். சுளகின் விளிம்பும் அவ்வாறே கட்டப்படும். விளிம்பு கட்டாத பெட்டி கையிலெடுத்தவுடன் நெளியும். மட்காட்டின் தகடு ஒரு மில்லிமீற்றரினும் சற்று மெல்லியது. மடிப்பு இன்றேல் அது விரலால் அழுத்தவே நெளியும். பக்கவாட்டில் வளைக்கும் விசைக்கு எதிராக நிற்பது தகட்டின் தடிப்பன்று, மடிப்பின் அகலமே. ஒரு பட்டையின் விறைப்பு, வளையும் திசையிலுள்ள அதன் ஆழத்தின் கனத்தைப் பொறுத்தது. ஆழம் இருமடங்காயின் விறைப்பு எண்மடங்காகும். சிறு மடிப்பு பெருந்தகட்டைக் காப்பது இவ்விதியினாலேயே.

இரண்டாவது பயன் இணைப்பு. பின்புற மட்காட்டிலே வெளித்தகடு ஒன்றும் சில்லை மூடும் உட்தகடு ஒன்றும் உண்டு. அவ்விரண்டும் சேர்ந்து பற்றவைக்கப்படும் இடம் இம்மடிப்பே. இணைப்பினுள் நீர் புகாதபடி ஒருவகைப் பசையும் பூசப்பட்டிருக்கும். மூன்றாவது, வெட்டிய தகட்டின் கூர் வெளிப்படாமற் கையையும் ரயரையும் காத்தல்.

இவற்றை அறிந்தபின், உரசலை நீக்கும் வழிகளைத் தரம் பிரித்தல் எளிது. மடிப்பை அரிந்து எறிதல் கடைப்பட்டது. அதனால் மூன்று பயனும் ஒருங்கே அழியும். பின்மட்காட்டில் உட்தகடும் வெளித்தகடும் பிரிந்து வாய் திறக்கும். மீண்டும் பற்றவைத்து மூடாது விட்டால், வண்டியின் உடல் தளரும், நீரும் புகும். மடிப்பை மேல்நோக்கித் திருப்பித் தகட்டோடு படியவைத்தல் இடைப்பட்டது. செங்கோணத்தின் விறைப்பிற் பெரும்பகுதி போகும். ஆயினும் இரட்டித்த தகடு நிற்கும், இணைப்பும் அழியாது. மடிப்பைத் தொடாமலே இடம் காணுதல் தலையாயது. ஐந்து மில்லிமீற்றர் ஒவ்செற் கூடிய சில்லை வாங்குதல், ரயரின் அகலத்தை ஒரு படி குறைத்தல், தாழ்த்தியதைச் சிறிது உயர்த்துதல் ஆகியவற்றால் உரசல் தீருமாயின், தகட்டிலே கை வைத்தல் வேண்டா. இஸிகோனிஸ் ஆக்கி 1959 இல் வெளிவந்த மினி வண்டிக்கு அகன்ற சில்லுப் பூட்டுவோர், மட்காட்டின் வெளிப்புறத்திலே பிளாஸ்ரிக் வளைவொன்றை ஒட்டி, வெளிவந்த ரயரை மூடுவது வழக்கமாயிற்று. அதுவும் எண்ணத்தக்க வழியே.

மடிக்கும் முறை

வேறு வழி இல்லை எனத் துணிந்தபின், வேலையைப் பின்வருமாறு செய்வர்.

வண்டியை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்திச் சில்லைக் கழற்றுக. யாக்கு ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் கீழ்க் கை வைத்தல் ஒருபொழுதும் ஆகாது. உட்புறத்துப் பிளாஸ்ரிக் மூடியையும், விளிம்பிலுள்ள திருகாணிகளையும் அகற்றுக. மடிப்பினுள் அடைந்து கிடக்கும் மண்ணைக் கழுவி உலரவிடுக. பின்னர் வெளிச்சங் கொண்டு பார்க்க. தகடு துருப்பிடித்துச் சிவந்திருப்பின் அது மடியாது, உடையும். முன்னர் நெளிந்து திருத்தப்பட்டுப் பட்டி பூசப்பட்ட இடமாயின், தகடு வளையும்பொழுது பட்டி வெடித்து உதிரும். காந்தத் துண்டு ஒன்றைத் துணியிற் சுற்றி வெளிப்புறத்தில் நகர்த்தினால், பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது. இவ்விரு குறையும் உள்ள வண்டியை முதலில் ரிங்கரிங் வேலைக்கு விடுதல் வேண்டும்.

மடிக்கும் கருவி எளியது. சில்லைக் கழற்றிய குடத்திலே அதனைப் பூட்டுவர். குடத்திலிருந்து நீளும் கையின் நுனியில் நைலோன் உருளை ஒன்று உண்டு. கையின் நீளத்தையும் உருளையின் சாய்வையும் கூட்டவுங் குறைக்கவும் இயலும். குடத்தை மையமாகக் கொண்டு கையை முன்னும் பின்னும் அசைத்தால், உருளை மடிப்பின் வழியே வில்போல ஓடும். இக்கருவி இல்லாதோர், அமெரிக்காவிலே பேஸ்போல் மட்டையை ரயருக்கும் விளிம்புக்கும் இடையிற் செருகி, வண்டியைத் தள்ளி உருட்டுவதுண்டு. அவ்வழியில் விசை எங்கே எவ்வளவு விழுகின்றது என அறிதல் அரிது. தகடு அலைபோல் நெளிதல் அதனாலேயே. அதனை எம் இளைஞர் பின்பற்றல் வேண்டா.

உருளையை ஓட்டுமுன் வண்ணப்பூச்சைச் சூடாக்குதல் இன்றியமையாதது. குளிர்ந்த பூச்சு கண்ணாடிபோல் வெடிக்கும். சூடேறிய பூச்சு தகட்டோடு வளையும். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டதுபோலக் கை பொறுக்காத அளவு, அஃதாவது ஏறக்குறைய 50 முதல் 60 பாகை சென்ரிகிறேட் வரை, வெப்பக்காற்றுக் கருவியாற் சூடேற்றுவர். மிகச் சூடேற்றினாற் பூச்சுக் குமிழியிடும். எமது சித்திரை வெயில் தகட்டைத் தானே சுடவைக்கும். ஆயினும் வெயில் பட்ட புறமும் நிழல் விழுந்த உட்புறமும் ஒரே சூடாக இரா. ஆதலின் வெயிலை நம்பி வேலை தொடங்கலாகாது.

சூடேறியபின் உருளையை மடிப்பில் மெல்லத் தொடவிட்டு, முன்னும் பின்னும் பலமுறை ஓட்டுக. பின்னர்ச் சிறிது அழுத்தங் கூட்டி மீண்டும் ஓட்டுக. செங்கோணத்தில் நின்ற மடிப்பு முதலிற் சிறிது சாயும், பின் பாதி சாயும், இறுதியிலே படியும். ஒவ்வொரு படியிலும் மீண்டும் சூடேற்றுக. ஒரேயடியாக அழுத்தினால் மடிப்போடு வெளித்தகடும் சேர்ந்து பிதுங்கும். பிதுங்கிய தகட்டை முன்போல் ஆக்குதல் தேர்ந்த கைவினைஞருக்கும் அரிது. வெளித்தகட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டே மற்றக் கையால் உருளையை ஓட்டுவோர் உளர். தகடு அசைவதைக் கை முன்னே அறியும். உரசல் தீரும் அளவு சாய்ந்ததும் நிறுத்துதல் நன்று. முற்றாகப் படியவைத்தலே திறமை என எண்ணுவது பிழை. பாதி சாய்ந்த மடிப்பிலே விறைப்பின் ஒரு பகுதி எஞ்சி நிற்கும் அன்றோ.

வேலை முடிந்தது என்று எண்ணும் இடத்திலே வேலையின் பாதி எஞ்சியுள்ளது. மடிந்த இடத்திற் பூச்சும் இணைப்புப் பசையும் மயிரிழைபோற் பிளந்திருக்கும். அப்பிளவினுள் நீர் புகுந்தாற் தகடு உள்ளிருந்தே அரிக்கும். தென்மராட்சியோ கடல்நீரேரி சூழ்ந்த பகுதி. காற்றிலே உப்பு உண்டு. இங்கே துரு விரைந்து பரவும். ஆதலின் அவ்விடத்தைத் துடைத்து, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, இணைப்புப் பசையை மீண்டும் இட்டு, அதன்மேல் வண்ணம் பூசுக. மெழுகையும் உட்புறத்தில் தெளித்தல் மேலும் நன்று. பின்னர்ச் சில்லைப் பூட்டி, வண்டியிற் சுமை ஏற்றி, மெல்ல ஓட்டி, முன்கூறிய சுண்ணக்கட்டிச் சோதனையை மீளச் செய்க.

கேடுகளும் கடப்பாடும்

இவ்வளவு கூறியபின் சில எச்சரிக்கைகளையும் கூறாதொழியின் ஆசிரியர் கடமை நிறைவுறாது.

உரசும் விளிம்போடு வண்டியை ஓட்டுதல் கத்தியோடு ஓட்டுதல் போன்றது. விளிம்பு ரயரின் தோளையும் பக்கச் சுவரையும் சிறிது சிறிதாக வெட்டும். பக்கச் சுவர் மெல்லியது. வெட்டு ஆழ்ந்தபின் ரயர் திடீரென வெடிக்கும். அது பெரும்பாலும் சுமை மிகுந்து, வேகமும் மிகுந்த வேளையிலே நிகழும். ஏனெனில் உரசல் சுமையினாலேயே உண்டாவது. முகமாலை தாண்டி ஆனையிறவு நோக்கி நேரான வீதியில் விரைந்து செல்லும்பொழுது முன்சில்லு வெடித்தால் விளைவது யாது என விரித்துரைக்கவேண்டுவதில்லை.

சில்லு வெளியே வந்தால், குடத்தின் உள்ளேயுள்ள பெயாரிங்கின்மேல் விழும் விசையின் நெம்பும் கூடும். அது விரைவிற் தேயும். ஸ்ரியரிங் பாரமாகும், பள்ளத்திற் சில்லு விழுந்தாற் கையை இழுக்கும். வண்டியைத் தாழ்த்தினால் முன்விளக்கின் ஒளி விழும் இடமும் மாறும். அதனைத் திருத்துதல் வேண்டும். ஒடுங்கிய ரயரை அகன்ற றிம்மில் இழுத்துப் பூட்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பக்கச் சுவர் சாய்ந்த அவ்வகை ரயர், வளைவிலே றிம்மினின்றும் கழலக்கூடியது. அழகென்று கருதி அதனைச் செய்தல் அறிவன்று.

சட்டமும் ஒன்று உண்டு. இந்நாட்டில் வண்டிகளை ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். இந்தியாவிலே, ஆக்கியோர் அமைத்த அமைப்பினின்றும் வண்டியை மாற்றலாகாது என 2019 ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜேர்மனியிலே மாற்றிய சில்லுக்கும் மாற்றிய உயரத்துக்கும் பரிசோதகரின் ஒப்புதல் வேண்டும். ஆதலின் எந்நாட்டில் வாழும் பழைய மாணவராயினும், பணத்தைச் செலவிடுமுன் உரிய திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டறிதல் நன்று. அறிவியாது செய்த மாற்றத்தைக் காரணங்காட்டி, விபத்தின்பின் நட்டஈடு மறுக்கப்படலாம்.

யாவற்றினும் மேலான கடப்பாடு ஒன்று உளது. மட்காட் என்பது வண்டிக்கு உரியவரின் நலங்கருதி மட்டும் தோன்றியதன்று. சில்லுத் தெறிக்கும் சேறும் கல்லும் வண்டியில் இருப்போர்மேல் மட்டும் விழுவனவல்ல. பின்னால் வருவோர்மேலும் பக்கத்திற் செல்வோர்மேலும் விழுவன. எமது குடாநாடு துவிச்சக்கர வண்டிகளின் நாடு. காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடை அணிந்து வீதியோரமாகத் துவிச்சக்கர வண்டியிற் செல்லும் பிள்ளைகளை நாடோறும் காண்கின்றோம். மட்காட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் அகன்ற ரயர் மாரிகாலத்துச் சேற்றை அப்பிள்ளைகளின்மேல் வாரி இறைக்கும். வீதித் திருத்த வேலைக்குப் பரப்பிய சல்லிக்கல்லையும் வீசும். ஆதலின் விளிம்பை மடித்துப் பெற்ற இடம் ரயரை உள்ளே அடக்குதற்குப் பயன்படல் வேண்டும். மேலும் வெளித்தள்ளுதற்குப் பயன்படலாகாது. மேலிருந்து நோக்கும்பொழுது ரயரின் நிலந்தொடும் பகுதி முழுவதும் மட்காட்டின் கீழ் மறைந்து நிற்குமாயின், அவ்வேலை நன்று செய்யப்பட்டது எனலாம். மறையாது நின்றால், மடிப்பு எத்துணை அழகாகப் படிந்திருப்பினும் அது குறைவேலையே.

இத்தொழிலைக் கற்கும் மாணவர்க்கு நாம் கூறுவது சுருக்கமானது. எப்பொருளையும் மாற்றுமுன் அது ஏன் அவ்வாறு அமைந்தது என வினவுக. அளவுகோலை முதலிலும் சுத்தியலைக் கடைசியிலும் எடுக்க. விரைந்து அழுத்தற்க, பலமுறை மெல்ல ஓட்டுக. இவை மட்காட்டுக்கு மட்டுமன்றிப் பிற தொழில்களுக்கும் பொருந்துவன.

பழைய மாணவருட் கராச்சு நடத்துவோரும், மேனாடுகளில் மோட்டார்ப் பொறியியலாளராக விளங்குவோரும் பலர் உளர். அவர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நும் கைகள் அறிந்தவற்றை எளிய தமிழில் எழுதித் தருக. கராச்சில் வழங்கும் சொற்களைச் சொல்வேறு, கருவிவேறு தொகுத்து அனுப்புக. எழுத்துப்பிழை நோக்குதலும் ஒழுங்குபடுத்துதலும் எம் பொறுப்பு. அடுத்த மலருக்குள் அவ்வாறான பத்துக் கட்டுரைகள் கிடைக்குமாயின், தொழினுட்பத்துறையில் அடியெடுத்து வைக்கும் எம் பிள்ளைகளுக்கு அவை ஒரு சிறு கைந்நூலாக அமையும்.